குராமோச்சி வீட்டம்மாவின் காக்கை

குராமோச்சி வீட்டில் சாயங்காலம் குளியல் தொட்டி நிரம்பினால், அதில் முதலில் இறங்குவது வீட்டுக்காரர் இல்லை. சிறகுதான் இறங்கும்.

ஜப்பானில் குன்மா பக்கத்தில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறார்கள். வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும், அது சரி. ஆனாலும் யாரும் தொடாத முதல் தண்ணீர் வீட்டு ஆம்பளைக்கு. வீட்டம்மா ஹிஸாயேவும் கல்யாணமாகி முப்பது வருஷம் அப்படித்தான் விட்டுக்கொடுத்தாள். பிறகு ஒருநாள் நிறுத்தினாள்.

காரணம் வார்னிஷ். தொட்டித் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நிற்கும்போது அதன் மேல் ஒரு தேக்கரண்டி வார்னிஷைச் சாய்த்தால், பாலாடை மாதிரி படர்ந்து பச்சையும் ரோஜாவுமாக மின்னும். அந்த ஆடையைக் கம்பி வளையத்தால் அலுங்காமல் தூக்கிக் காயவைத்து, ஈர்க்குச்சி போன்ற பால்சா மரக் குச்சிகளில் ஒட்டினால் சிறகு. மூச்சுப் பட்டாலே நகர்ந்துவிடும் கனம். முதல் மூன்று வாரம் தூக்கத் தூக்கக் கிழிந்தது. ஹிஸாயே வார்னிஷைத் திட்டினாள், அதை விற்றவனைத் திட்டினாள், குளிரைத் திட்டினாள். கடைசியில் பார்த்தால் குற்றவாளி புருஷன் தமோட்சுவின் முதுகு. மனுஷர் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் உடம்பு எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கத்தான் செய்கிறது. எண்ணெய் மிதக்கும் இடத்தில் ஆடை பொத்தலாகிறது. அன்றிலிருந்து முதல் தண்ணீர் சிறகுக்கு.

"அம்மா, கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. இறங்கட்டுமா?" என்று தமோட்சு துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நிற்பார். பிள்ளைகள் வளர்ந்து டோக்கியோவுக்குப் போய்ப் பத்து வருஷமாகியும் பெண்டாட்டியை 'அம்மா' என்றே கூப்பிடுகிற ஆள்.

"இறங்குங்க. இறங்கினா அந்தச் சிறகையும் உடுத்திக்கிட்டு வரணும்."

"இன்னும் எத்தனை நேரம்?"

"தண்ணிகிட்ட கேளுங்க. நான் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறேன், இப்ப என்னைப் பேச வைக்காதீங்க."

கார் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் கதவு மாட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் தமோட்சு. கதவை எப்போது திறக்கக்கூடாது என்று தெரிந்தவர். மெதுவாகச் சாத்திவிட்டுப் போய் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்.

ஹிஸாயே கட்டுவது பறவை மாதிரி சிறகடித்துப் பறக்கும் விமானம். முன்னால் சுற்றும் விசிறி கிடையாது. ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் அது அவிழ்கிற வேகத்தில் ஒரு கம்பிக் கொக்கி சுற்றும். கொக்கி சுற்றச் சுற்ற இரண்டு சிறகும் மேலும் கீழும் அடிக்கும். ஒன்றரை அடி அகலம், இரண்டு மிளகாய் வற்றல் எடை. கேட்க லேசாக இருக்கிறது. கட்டிப் பார்த்தால் தெரியும். விசிறி ஒரே சீராகச் சுற்றும், சிறகு அப்படி இல்லை. கீழே அடிக்கும்போது ரப்பரின் முழு பலத்தையும் இழுக்கும், மேலே போகும்போது ஒன்றுமே இழுக்காது. அந்த உதறலில் எங்கே பலவீனமோ அங்கே முறியும். பதினேழு முறிந்தன. பதினேழையும் அவள் கணப்பு மேஜைமேல் வைத்து எங்கே முறிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டாள்.

அந்த ஊரில் இதையெல்லாம் பெண்பிள்ளை செய்வதற்கு ஒரு கேலி தயாராக இருக்கும். ஒரு காலத்தில் போர் விமானம் செய்த ஊர். அங்குள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு விமானம் என்றால் அப்பன் விட்டுப்போன சொத்து என்கிற நினைப்பு. அகாகி மலைக் காற்று கார்த்திகையில் தொடங்கி பங்குனி வரைக்கும் ஓயாமல் அடிக்கிறதால், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தை ஞாயிறுகளில் வாங்கி அதற்குள் ரப்பர் விமானம் விடுவார்கள். சங்கத்தில் பதினான்கு பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் தொழிற்சாலையில் இருந்தவர்கள். பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு போட்டி. தமோட்சு அதில் பதினெட்டு வருஷமாக இருக்கிறார்.

பதினெட்டு வருஷமாக அவர் விமானத்துக்குச் சிறகு போர்த்தியது யார்? கல்யாணத்துக்கு முன் தையல் ஆலையில் பட்டுத் துணி தைத்த கை, மீன் முள்ளை இடுக்கி இல்லாமல் எடுக்கிற கை, அந்தக் கைதான் போர்த்தியது. கூடத்தில் எல்லோரும் விமானத்தைத் தூக்கிப் பார்த்து, "தமோட்சு சான் கை பொன்னான கை" என்று மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொல்வார்கள். தமோட்சு தலையைக் குனிந்துகொள்வார். ஹிஸாயே மூலையில் நின்று சூப்புக்கு முள்ளங்கி அரிந்துகொண்டிருப்பாள்.

அவளுக்குக் காக்கை எங்கே கிடைத்தது என்றால் குப்பைமேட்டில். செவ்வாயும் வெள்ளியும் தெருமுனையில் குப்பைப் பைகளை வலைபோட்டு மூடி வைத்தாலும் காக்கைகள் வலையைத் தூக்கிவிட்டு மீன் தலையை இழுக்கும். காவல் முறை வந்த வாரங்களில் விளக்குமாற்றோடு போய் நின்றவள், விரட்டாமல் பார்க்கத் தொடங்கினாள். மீன் தலையோடு கிளம்புகிற காக்கையின் சிறகு விறைப்பாக இல்லை. முன்விளிம்பு மட்டும் உறுதி, பின்பாதி தொளதொளவென்று பின்னால் வழிகிறது. வீட்டுக்கு வந்தால் கம்பில் காயப்போட்ட மெத்தை விரிப்பு காற்றில் அதே மாதிரி அடித்து, கம்பையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பதினேழு பறவை ஏன் முறிந்தது என்று அப்போது பிடிபட்டது. தமோட்சுவுக்குப் போர்த்திய பழக்கத்தில் இதற்கும் மத்தளத் தோல் மாதிரி இழுத்து ஒட்டியிருந்தாள். விசிறி விமானத்துக்கு அது சரி. சிறகடிப்பதற்குத் தொய்வு வேண்டும். பதினெட்டாவதைத் தொய்வாக ஒட்டினாள். அது கூடத்துக்கு நடுவில் சுற்றிச் சுற்றி ஏறியது.

போன வருஷப் போட்டியில் அதை விட்டாள். சங்கத் தலைவர் நெகிஷி, "வீட்டம்மா பொம்மை கொண்டு வந்திருக்காங்க, சாப்பாட்டு வேளையில வேடிக்கையா விடட்டும்" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். அது ஒரு நிமிஷம் பறப்பதற்குள் யாரோ சிகரெட் பிடிக்கக் கதவைத் திறந்தார்கள், அகாகிக் காற்று உள்ளே வந்து அதைச் சுவரில் அறைந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். மழலைப் பள்ளி ஆண்டு விழாவில் பாட்டு மறந்துபோன குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

திட்டியிருந்தால்கூட ஹிஸாயே பொறுத்திருப்பாள். அந்தக் கைதட்டல் ஒரு வருஷமாக அவள் காதில் இருந்தது. அவளுக்குக் கோப்பை வேண்டாம், மாலை வேண்டாம். இரண்டு பேர் கடிகாரத்தோடு நின்று தன் காக்கை எத்தனை நேரம் பறந்தது என்று பார்த்து, சுவரில் ஒட்டுகிற அந்தப் பெரிய காகிதத்தில் மற்ற விமானங்களோடு எழுத வேண்டும். கடைசியாக வந்தாலும் சரி. எழுத வேண்டும்.

இந்த வருஷம் ஆரஞ்சுப் பெட்டிக்குள் காக்கையை வைத்து, பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்து, முதுகைக் காற்றுக்குக் காட்டிப் பின்நடையாக நடந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். பின்னால் தமோட்சு ஒரு கையில் தன் பெட்டியும் மறு கையில் சூப்புப் பானையுமாக வந்தார்.

அந்தக் கூடத்தில் போட்டியன்று குளிர் எலும்பைக் கடிக்கும். சூட்டு இயந்திரத்தைப் போட முடியாது, அதன் காற்றில் விமானம் தடுமாறும். கதவைத் திறக்க முடியாது. ஆட்கள் தடித்த காலுறையில் பூனை மாதிரி நடப்பார்கள், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் மத்தியானப் பன்றிக்கறி சூப்புக்கு அங்கே அத்தனை மரியாதை. அதிலும் ஒரு முறை உண்டு. முதல் சுற்றுப் பறத்தல் முடிகிறவரை மூலையில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. பானை கொதித்தால் சூடான காற்று தூண் மாதிரி கூரைக்கு ஏறி, கூடம் முழுக்கக் காற்று புரளும். கடைசி விமானம் தரைக்கு வந்ததும் நெகிஷி கையைத் தூக்குவார். பெண்கள் நெருப்பு வைப்பார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஹிஸாயே பெட்டியோடு நெகிஷியின் மேஜைக்கு முன் போய் நின்றாள்.

"தலைவரே, என் பேரையும் போடுங்க. பதினஞ்சாவது."

நெகிஷி எழுபத்திரண்டு வயது மனிதர். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"குராமோச்சி வீட்டம்மா, போன வருஷம் மாதிரியே சாப்பாட்டு வேளையில விட்டுடலாமே. எல்லாரும் ரசிப்பாங்க."

"ரசிக்க வேண்டாம். நேரம் பாருங்க. சாப்பாட்டு வேளைன்னா அடுப்பு எரியும். அந்தக் காத்துல உங்க விமானத்தை விடுவீங்களா?"

"இது விமானப் போட்டி ஆச்சே."

"சுவத்துல விதி ஒட்டியிருக்கீங்க. வாசிச்சேன். மூணு கிராமுக்குள்ள இருக்கணும். ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். ரப்பர்ல மட்டும் ஓடணும். கையால விடணும். வந்திருக்கிறவங்கள்ல ரெண்டு பேர் நேரம் பாக்கணும். விசிறி வேணும்னு எங்க எழுதியிருக்கு?"

மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓகானே சிரித்தார். வண்ணம் பூசும் பிரிவில் இருந்தவர். போட்டியில் ஒவ்வொரு வருஷமும் கடைசி நாலு பேருக்குள் வருவார், அதைப் பற்றிப் பேசினால் மட்டும் காது கேட்காது.

"அதை வேற எழுதணுமா, வீட்டம்மா? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை வேணும்னா எழுதறாங்க?"

"மாப்பிள்ளை பேரை எழுதறாங்கல்ல?"

 நெகிஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழக்கம்னு ஒண்ணு இருக்கு. முதல் சுத்து முடியற நேரம். சூப்பைப் பாருங்க, எல்லாரும் குளிர்ல நடுங்கறாங்க."

கடைசி விமானம் தரையைத் தொட்டது. நெகிஷி கையைத் தூக்கினார்.

மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் மிட்சுயோவும் கினுகோவும் நின்றிருந்தார்கள். சங்கத்துக்காரர்களின் பெண்டாட்டிகள், ஹிஸாயேவோடு பத்துப் பதினைந்து வருஷமாகச் சூப்பு வைக்கிறவர்கள். பானையில் முள்ளங்கி, கேரட், சேனைக்கிழங்குக் கட்டி, கறி எல்லாம் தண்ணீரில் கிடந்தன. மிட்சுயோ கேஸ் திருகில் கை வைத்தாள்.

"விடு, மிட்சுயோ" என்றாள் ஹிஸாயே. "இன்னைக்கு எரியாது."

"ஏன், கேஸ் தீந்துடுச்சா?"

"கேஸ் இருக்கு. நான்தான் தீந்துட்டேன்."

மிட்சுயோ அவள் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கினுகோ திருகின் மேல் அகப்பையைக் குறுக்காக வைத்து, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பதினான்கு பேரும் கிண்ணமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். பானையிலிருந்து ஆவி வரவில்லை.

"என்ன ஆச்சு?"

"கொதிக்கலையா இன்னும்?"

"என் காக்கை பறந்து இறங்கறவரைக்கும் இங்க நெருப்பு கிடையாது" என்றாள் ஹிஸாயே. "அடுப்புக் காத்துல அதை விட மாட்டேன். நேரம் பாக்காமலும் விட மாட்டேன்."

கூடம் முழுக்க முணுமுணுப்பு. ஓகானே கிண்ணத்தை விரலால் தட்டினார். "அட, எதிர்க்கடையில போய்ச் சுடச்சுட நூடுல்ஸ் வாங்கிட்டு வந்துடலாம்ப்பா. இதுக்கா அழுவாங்க?"

"போய்ட்டு வாங்க. கதவைத் திறந்ததும் மலைக்காத்து உள்ள வரும். காத்து அடங்க ஒரு மணி நேரமாகும். உங்க ரெண்டாவது சுத்து சாயங்காலம்தான். இருட்டினதும் பள்ளிக்கூடக் காவலாளி எல்லாரையும் வெளிய தள்ளுவார். வேணும்னா திறங்க."

கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

அப்போது எல்லோருக்கும் தமோட்சு ஞாபகத்துக்கு வந்தார். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் தன் விமானத்தின் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் தூசு எதுவும் இல்லை.

"தமோட்சு சான், வீட்டம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"நானா?" என்றார் தமோட்சு. "வீட்ல நான் குளிக்கறதே ரெண்டாவதாத்தான். என்கிட்ட வந்து சொல்றீங்களே!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். நெகிஷி சிரிக்கவில்லை. தன் சோற்றுருண்டையைப் பிரித்து, ஆறிப்போன அதை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மெல்லத் தொடங்கினார். வேண்டுமென்றேதான் மென்றார். ஒரு வாய்க்கு முப்பது தடவை.

"நேரம் பாக்க நான் ஆள் தர மாட்டேன், வீட்டம்மா. விடறதா இருந்தா விட்டுக்கங்க."

"ஆள் நீங்க தர வேண்டாம். வந்திருக்கிறவங்கள்ல ரெண்டு பேர்னுதான் விதி. மிட்சுயோ, முட்டை வேகவைக்கிற டைமர் வச்சிருக்கியா?"

மிட்சுயோ பையைத் துழாவி தக்காளி வடிவ டைமரை எடுத்தாள். "இது நேரம் முடிஞ்சா கத்தும். முன்னால ஓடுமான்னு தெரியலையே... ஆ, ஓடுது, ஓடுது." கினுகோ அகப்பையை விட்டு எழாமலே கைபேசியைத் திறந்தாள். "நான் ரெடி. ஆனா கண்ணாடி போட்டுக்கறேன், இரு. உன் காக்காவை நான் வேற எதோன்னு நினைச்சுட்டா?"

ஹிஸாயே பெட்டியைத் திறந்தாள். ரப்பர் நாடாவில் விளக்கெண்ணெய் தடவி, ஒரு முனையைத் தமோட்சுவிடம் நீட்டினாள். யாரும் சொல்லாமலே அவர் வந்து பிடித்துக்கொண்டார். அவள் பத்தடி பின்னால் இழுத்துக்கொண்டு போய், கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு அடியாக முன்னே வந்தாள். ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு. ரப்பர் முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. அப்புறம் அதில் அறுபது சுற்றைத் திருப்பி அவிழ்த்துவிட்டாள். அந்த அறுபதில்தான் முதல் அடி விழும்போதே சிறகு முறியும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிரித்தாள்.

காக்கை முதலில் கீழே இறங்கியது. இடுப்பு உயரத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு. ஓகானே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அது படபடவென்று நான்கைந்து முறை அடித்து, உடம்பை மேலும் கீழும் உதறிக்கொண்டு, தரையை உரசாமல் எழுந்தது. கூடத்தில் வேறு சத்தமே இல்லை. ஈரத்துணியை மெல்ல உதறுவது மாதிரி அந்தச் சிறகுச் சத்தம் மட்டும். விசிறி விமானங்கள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இது வேலை செய்துகொண்டு போனது, அதைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. கூடைப்பந்து வளையத்தின் உயரத்துக்கு வந்தது. சிறகின் தொய்ந்த பின்பாதி ஒவ்வொரு அடிக்கும் வழிந்து வழிந்து காற்றைப் பின்னால் தள்ளியது. ஜன்னல் வெளிச்சத்தில் வரும்போது ரோஜாவும் பச்சையுமாக மின்னியது, நிழலுக்குப் போனால் கண்ணுக்கே தெரியாமல் குச்சி மட்டும் மிதந்தது. ஆட்கள் சோற்றுருண்டையை வாயில் வைத்தபடி மெல்லாமல் நின்றார்கள். மென்றால்கூட மூச்சு வரும், மூச்சு வந்தால் காற்று வரும். அது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"ரெண்டு நிமிஷம்" என்று கினுகோ கிசுகிசுத்தாள்.

"சத்தம் போடாதடி."

மூன்று நிமிஷத்தில் அது கூரைக் கம்பிகளுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. ஹிஸாயேவின் கை இரண்டும் அக்குளுக்குள் இருந்தன, விரல்களில் உணர்ச்சி இல்லை. அடிப்பு மெதுவாகியது. இனி இறங்குவதுதான். அகலமான வட்டமாக இறங்கியது. நான்கு நிமிஷம் தாண்டியது. இன்னும் அரை நிமிஷத்துக்கு முறுக்கு மிச்சமிருக்கும். அந்த வட்டத்தின் ஓரத்தில் கிழக்குப் பக்கக் கூடைப்பந்து வலை தொங்கியது. காக்கை நேராக அதற்குள் போய்ச் சிக்கி, இரண்டு முறை அடித்துப் பார்த்து நின்றது.

"அய்யோ!" என்றார் யாரோ. ஒரு பெண்ணின் குரல் இல்லை அது.

"நாலு நிமிஷம் ஏழு" என்றாள் மிட்சுயோ.

"எனக்கு நாலு ஒன்பது."

"குறைஞ்சதை எடுங்க" என்றாள் ஹிஸாயே. "நாலு ஏழு. தலைவரே, எழுதுங்க."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் திரும்பிச் சுவர்க் காகிதத்தைத்தான் பார்த்தார்கள். நெகிஷியுடைய ஒன்பது நிமிஷம் நாற்பது முதலில் இருந்தது. தமோட்சு மூன்றாவது. கண்கள் கீழே இறங்கி, பதினொன்றாவது வரிசையில் வந்து நின்றன. அங்கே ஓகானே, மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு.

ஓகானேவுக்குத்தான் முதலில் உறைத்தது. "அது எப்படி? வேடிக்கைக்கு விட்டதை எல்லாம் எழுதுவாங்களா? அப்ப நாளைக்கு ஒருத்தன் பட்டத்தைக் கொண்டு வருவான், இன்னொருத்தன் வெட்டுக்கிளியைக் கொண்டு வருவான்!"

"வெட்டுக்கிளிக்கு ரப்பர் போட்டுக் கொண்டு வாங்க. நான் நேரம் பாக்கறேன்" என்றாள் ஹிஸாயே.

நெகிஷி பேனாவைக் கையில் எடுக்கவில்லை. தனியாக ஒரு சின்னக் காகிதத்தை எடுத்தார். "சிறப்பு நிகழ்ச்சின்னு இதுல எழுதிப் பக்கத்துல ஒட்டிடறேன். ரெண்டு பக்கமும் மனசு நோகாது."

"எனக்கு மனசு நோகும்."

கினுகோ நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே குரல் கொடுத்தாள். "நெகிஷி சார், எங்க வீட்டுக்காரர் உங்க கீழதான் இருபது வருஷம் வேலை பாத்தார். தினம் வந்து உங்களைத் திட்டுவார். வரைபடத்துல இல்லாத ஒரு ஆணியைக்கூட அந்த மனுஷன் அடிக்க விடமாட்டார்னு. எல்லாருக்கும் தெரியும்னு சொல்லி ஒருத்தர் ஒரு துளை அதிகமாப் போட்டார்னு முழு வேலையையும் பிரிக்கச் சொன்னீங்களாமே?"

நெகிஷி எழுந்து காலுறையோடு நடந்து சுவருக்குப் போனார். தானே எழுதி ஒட்டிய விதிகளை மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று மேலிருந்து கீழே வாசித்தார். கீழிருந்து மேலே ஒரு தடவை வாசித்தார். தன் கையெழுத்தின் மேலேயே கோபம் வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

"தப்பு என்னுது" என்றார் கடைசியில். "விடுபட்டுப் போச்சு. விடுபட்டது விடுபட்டதுதான்."

தடித்த பேனாவை எடுத்து, பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் கோடு போட்டு எழுதினார்: குராமோச்சி வீட்டம்மா, 4:07.

ஹிஸாயே பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "யாரது?"

"நீங்கதான்."

"இந்தக் காகிதத்துல பதினாலு பேர் இருக்காங்க. யாரையாவது இன்னார் வீட்டுக்காரர்னு எழுதியிருக்கீங்களா?"

நெகிஷியின் பேனா காகிதத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. பதினெட்டு வருஷம் அவள் கையால் சூப்பு வாங்கியவர். அவர் கண் மெல்லத் தமோட்சு பக்கம் போனது. தமோட்சு வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லாதீங்க" என்றாள் ஹிஸாயே. "தலைவரே, அவரை ஏன் பாக்கறீங்க? நான்தானே முன்னால நிக்கறேன். என்கிட்ட கேளுங்க."

நெகிஷிக்குக் காது மடல் சிவந்தது. முறையாகக் குனிந்து கேட்டார். "மன்னிக்கணும். உங்க பேர் என்ன?"

"ஹிஸாயே. குராமோச்சி ஹிஸாயே."

அவர் எழுதியதை அடித்துவிட்டு, வரைபடத்துக்கு எழுதுகிற சீரான எழுத்தில் முழுப்பெயரையும் எழுதினார். ஹிஸாயே அது காய்கிறவரை நின்று பார்த்தாள். பிறகு, "நெருப்பு வை, மிட்சுயோ" என்றாள்.

தமோட்சு நீளக் கம்பால் காக்கையை வலையிலிருந்து பொறுமையாக எடுத்தார். வலது சிறகின் ஆடை நெடுக்காகக் கிழிந்திருந்தது. இன்றைக்கு இனிப் பறக்காது.

"வீட்டுக்குப் போனதும் தொட்டியை நிரப்பட்டுமா?" என்று கேட்டார்.

"நிரப்புங்க. உப்பு, வாசனைத்தூள் எதுவும் போட்டுடாதீங்க."

சூப்பு கொதித்து, எல்லோரும் குடித்து, காற்று அடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓகானே மட்டும் வரிசைக்கு வரவில்லை. சுவர் ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து புது ரப்பருக்கு எண்ணெய் போட்டார், சிறகின் கோணத்தை மயிரளவு மாற்றினார், எடுத்துப் பார்த்தார், திரும்ப மாற்றினார். பத்து வருஷத்தில் அவர் இப்படி முனைந்ததை யாரும் பார்த்ததில்லை. வழக்கமாக இரண்டாவது சுற்றுக்குள் அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார்.

அவர் விமானம் இரண்டாவது சுற்றில் நான்கு நிமிஷம் பதினாறு நொடி பறந்தது.

"முந்திட்டேன்!" அறுபத்தாறு வயது மனிதர் காலுறையில் வழுக்கி வழுக்கி ஓடினார். "ஹிஸாயேவை முந்திட்டேன்! ஒன்பது செகண்டு!"

நெகிஷி முதலிடம் வந்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அவர் காகிதத்துக்குப் போய் வரிசையைத் திருத்தினார். பதினொன்று ஓகானே, பன்னிரண்டு குராமோச்சி ஹிஸாயே. ஹிஸாயே அகப்பையோடு தூரத்திலிருந்தே பார்த்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டாள். தன்னை ஜெயிக்க ஒரு ஆம்பளை வியர்க்க வேண்டியிருந்தது, அதுவும் இந்தக் குளிரில். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

ஓகானே இப்போதுதான் பசி தெரிந்து கிண்ணத்தை நீட்டினார்.

"ஒன்பது செகண்டு, ஹிஸாயே சான்."

"பாத்தேன். உங்க இடது சிறகு நுனி பிரிஞ்சு கிடக்கு, கவனிச்சீங்களா? அடுத்த வருஷம் ஒட்டிட்டு வாங்க. பிரிஞ்ச சிறகை ஜெயிச்சேன்னு வெளிய சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும்."

"பாப்போம், பாப்போம்." ஓகானே குச்சியால் கிண்ணத்தைக் கிளறினார். இன்னொரு முறை கிளறினார். "இதுல கறியே இல்லையே?"

"பன்னெண்டாவதா வந்தவ ஊத்தற சூப்புல முள்ளங்கிதான் வரும்" என்றாள் ஹிஸாயே. "குடிச்சுட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைங்க. எனக்கு வீட்ல சிறகு வேலை கிடக்கு."